ஒரு ரிங்கில் யாருக்குப் பணம்?

(மைசூருவில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தொலைபேசி மோசடி என்று சொன்னாலே இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’தான். போலீஸ் உடை போட்டவன் வீடியோவில் வந்து மிரட்டுகிறான், முதியவர் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் போய்விடுகிறது, மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. நான் இன்று எடுத்துக்கொண்டது அப்படிச் செய்தித்தாளில் இடம்பிடிக்காத ஒரு மோசடி. வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வரும், எடுப்பதற்குள் நின்றுவிடும். யாரோ, என்னவோ என்று நாம் திருப்பி அழைத்தால் நிமிடத்துக்குக் கணிசமான தொகை நம் கணக்கில் ஏறும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, ‘தெரியாத எண்ணைத் திருப்பி அழைக்காதீர்கள்’ என்பது. நல்ல அறிவுரைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவுரை, ஏமாந்தவரின் ஆர்வம்தான் குற்றத்தின் வேர் என்று சொல்லாமல் சொல்கிறது. அதை நான் ஏற்கவில்லை. மனிதருடைய ஆர்வம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் இந்த மோசடி சில வழிகளில் மட்டும் செழிக்கிறது, சில வழிகளில் முளைப்பதே இல்லை. நாம் பேசும் நிமிடத்திலிருந்து யாருக்கோ ஒரு பங்கு போகும் இடத்தில் அது இருக்கிறது. பங்கு நின்றுபோன இடத்தில் இல்லாமல் போகிறது. ஆகவே நம்மைக் காத்துக்கொள்வது என்றால் அந்தப் பங்கு போகும் வழியை அடைப்பது. இதுதான் இன்றைய என் வாதம்.

முதலில் நம் நாட்டுக்குள்ளேயே பார்ப்போம். 2003 மே மாதம் இந்தியாவில் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்தது. வரும் அழைப்பு இலவசமானது. அப்போதிலிருந்து மிஸ்டு கால் என்பது நமக்குச் செலவில்லாத ஒரு மொழி. ‘வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்’, ‘கீழே நிற்கிறேன், இறங்கி வா’ எல்லாவற்றுக்கும் ஒரு ரிங் போதும். இதையே வணிகமாக்கிய நிறுவனம் இங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் பெங்களூருவில் இருந்தது. ஜிப்டயல் என்ற அந்த நிறுவனத்தை 2015-இல் ட்விட்டர் விலைக்கு வாங்கியது. அரசியல் கட்சிகள் மிஸ்டு காலிலேயே உறுப்பினர் சேர்த்தன. இத்தனை கோடிப் பேர் மிஸ்டு காலுக்குப் பதில் சொல்லப் பழகிய நாட்டில், உள்நாட்டு எண்ணிலிருந்து ஒரு ரிங் விட்டு நம் காசைப் பறிக்கும் தொழில் வளர்ந்திருக்க வேண்டுமல்லவா? வளரவில்லை. ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணை அழைக்கும்போது, அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்குச் சேர வேண்டிய தொகை 2017 அக்டோபரில் நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைந்தது. 2021 ஜனவரி 1 முதல் அதுவும் இல்லை, சுழியம். சில பைசாக்களுக்கு மேல் தேறாத நிமிடத்தில் யாருக்கும் பங்கு கொடுக்க முடியாது. நம் மக்கள் திடீரென்று எச்சரிக்கையானவர்களாக மாறிவிட்டதால் அல்ல, பிரித்துக்கொள்ளப் பணமே இல்லாததால் அந்தத் தொழில் இங்கே பிறக்கவில்லை.

எல்லை தாண்டினால் கதை வேறு. வெளிநாட்டு அழைப்பு ஒன்று ஒரு நாட்டில் போய்ச் சேரும்போது, சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு அனுப்பும் நிறுவனம் பணம் தர வேண்டும். இந்தியா தன் பங்குக்கு வாங்குவது மிகக் குறைவு: 2018 பிப்ரவரியில் 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது, 2020 மே முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையில் வைத்திருக்கிறது. இந்தியாவை அழைக்கவைத்துச் சம்பாதிக்க நினைப்பவன் பட்டினி கிடப்பான். ஆனால் சில சின்னஞ்சிறு தீவு நாடுகளிலும், வேறு சில ஏழை நாடுகளிலும் இந்தக் கட்டணம் பல மடங்கு அதிகம். அங்கே எண் வரிசைகளைக் குத்தகைக்கு எடுக்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ‘எங்கள் எண்ணுக்கு அழைப்பு வரவழைத்துக் கொடுங்கள், நிமிடத்துக்கு இவ்வளவு உங்களுக்கு’ என்பது ஒப்பந்தம். கணினி ஒன்று ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரு ரிங் விட்டு நிறுத்துகிறது. அழைப்பை யாரும் எடுக்காததால் மோசடிக்காரனுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. திருப்பி அழைப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தாலும் அவனுக்கு லாபம். அவரை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறானோ அவ்வளவு வருமானம். அதனால்தான் மறுமுனையில் இசை ஒலிக்கும், ‘சற்றுக் காத்திருங்கள்’ என்று குரல் வரும், சில இடங்களில் ரிங் போவது போன்ற பதிவு செய்த ஒலியே வரும். யாரும் எடுக்கவில்லை என்று நாம் நினைத்துக் காத்திருக்க, மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2019 மே மாதம் தன் மக்களை எச்சரித்தபோது மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியா நாட்டுக் குறியீடான 222-ஐப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கரீபியன் தீவுகள் பல அமெரிக்காவின் எண் அமைப்பிலேயே இருப்பதால், டொமினிக்கன் குடியரசின் 809, ஜமைக்காவின் 876 போன்றவை அமெரிக்கர் கண்ணுக்கு வேறு மாநில எண்ணைப் போலத்தான் தெரியும். நமக்கு அந்த ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். மைசூருவின் எஸ்டிடி குறியீடு 0821. திரையில் +821 என்று தொடங்கும் எண் தென் கொரியாவுடையது, ஏனென்றால் அந்த நாட்டின் குறியீடு 82. சென்னை 044, +44 என்றால் பிரிட்டன். ஊரில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு முதலில் பதிவது 821-உம் 44-உம்தான். முன்னால் நிற்பது சுழியமா கூட்டல் குறியா என்று பார்ப்பதில்லை. தென் கொரியாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வரும் அழைப்பெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. கூட்டல் குறிக்குப் பின் 91 இல்லையென்றால் அது வெளிநாடு, திருப்பி அழைத்தால் ஐஎஸ்டி கட்டணம் என்பதை மட்டும் கண்ணுக்குப் பழக்கிவிட்டால் போதும்.

பணம்தான் இதன் உயிர், எண்ணோ நாடோ அல்ல என்பதற்கு என்னிடம் உள்ள வலுவான சான்று 1997-இல் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு. ஆபாசப் படம் பார்க்கலாம் என்று சொல்லி ஓர் இணையதளம் ஒரு மென்பொருளைத் தரவிறக்கச் செய்தது. அந்த மென்பொருள் கணினியின் மோடத்தை உள்ளூர் இணைப்பிலிருந்து துண்டித்து, ஒலியை அடக்கிவிட்டு, மால்டோவா நாட்டு எண் ஒன்றுக்கு மறுபடி டயல் செய்தது. பயனர் அந்தத் தளத்தை விட்டுப் போன பிறகும் இணைப்பு தொடர்ந்தது. கணினியை அணைக்கும் வரை ஐஎஸ்டி ஓடியது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த அழைப்புகள் மால்டோவாவைப் போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே நிறுத்தப்பட்டு, மால்டோவாவுக்கான கட்டணம் மட்டும் பில்லில் ஏறியது. 38,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 27 லட்சம் டாலருக்கும் அதிகமாகத் திருப்பித் தர நேர்ந்தது. இங்கே யாரும் எந்த எண்ணையும் திருப்பி அழைக்கவில்லை. ‘தெரியாத எண்ணைத் தொடாதே’ என்ற அறிவுரை அவர்களைக் காப்பாற்றியிருக்காது. மோடம் போய்விட்டது. தந்திரம் இன்னும் இருக்கிறது, வேறு கருவியில்.

அந்தக் கருவி எது என்பதில்தான் நாம் தவறான இடத்தைக் காவல் காக்கிறோம். இன்று இந்தியாவில் பெரும்பாலான மொபைல் இணைப்புகள் பிரீபெய்டு. அன்லிமிடெட் பேக் போட்டிருப்பவரின் முதன்மை பேலன்ஸ் பெரும்பாலும் சுழியம்தான். அவர் வெளிநாட்டு எண்ணைத் திருப்பி அழைத்தாலும் அழைப்பு போகாது. அந்த அளவுக்கு ஏழைக்கு அவன் ஏழ்மையே காவல். ஆபத்தில் இருப்பவர் ஐஎஸ்டி திறந்த போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருப்பவர். அவரைவிடப் பெரிய ஆபத்தில் இருப்பது அலுவலகம். இந்த ஊரில் தங்கும் விடுதிகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் எத்தனை! ஒவ்வொன்றிலும், உள்ளே உள்ள தொலைபேசிகளை வெளி லைன்களோடு இணைக்கும் ஓர் ஈபிஏபிஎக்ஸ் பெட்டி இருக்கும். வெளியிலிருந்து அழைத்து, கடவு எண்ணைப் போட்டு, உள்ளிருந்து அழைப்பதுபோல வெளியே அழைக்கும் வசதி அதில் உண்டு. குரல் அஞ்சல் பெட்டிக்கும் கடவு எண் உண்டு. பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன 0000-வோ 1234-ஓ பல இடங்களில் இன்றும் அப்படியே இருக்கும். உலகம் முழுக்க மோசடிக்காரர்கள் தேடுவது இந்தப் பெட்டிகளைத்தான். சனிக்கிழமை இரவு உள்ளே நுழைந்தால் திங்கள் காலை வரை ஆள் வர மாட்டார்கள். அத்தனை லைன்களிலும் ஒரே நேரத்தில் விலை மிகுந்த எண்களுக்கு அழைப்பு ஓடும். இதில் மிஸ்டு கால் இல்லை, ஆர்வம் இல்லை, ஏமாந்த மனிதரே இல்லை. விடுதி முதலாளிகள் யாராவது இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஈபிஏபிஎக்ஸ் பராமரிப்பவரைக் கூப்பிட்டு, கடவு எண்களை மாற்றச் சொல்லுங்கள், வெளியிலிருந்து நுழைந்து வெளியே அழைக்கும் வசதியை மூடச் சொல்லுங்கள், லைன்களில் ஐஎஸ்டியை நிறுத்தச் சொல்லித் தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

‘சில நூறு ரூபாய் சமாச்சாரம் இது, கோடிக்கணக்கில் கொள்ளை போகும் காலத்தில் இதற்கு ஒரு சொற்பொழிவா?’ என்று கேட்கலாம். தொகை சிறியது என்பதுதான் இந்த மோசடியின் பலமே. சிறிய தொகைக்காக யாரும் காவல் நிலையப் படியேற மாட்டார்கள்; ஏறினாலும் எழுதிக்கொள்பவர் சிரிப்பார். சிறு தொகை சேர்ந்தால் எவ்வளவாகும் என்பதற்கு, மோசடி அல்லாத, வெளிப்படையாக நடந்த ஒரு கணக்கையே சொல்கிறேன். 2007 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஸ்டார் தொலைக்காட்சியில் ‘கோன் பனேகா குரோர்பதி’ வினாடி வினாவின் மூன்றாம் தொடர் ஒளிபரப்பானது. வீட்டிலிருப்பவர்களும் கேள்விக்கு விடை அனுப்பலாம், ஒரு நிகழ்ச்சிக்கு 2 லட்சம் ரூபாய் பரிசு என்றார்கள். ஒரு குறுஞ்செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. வந்து குவிந்தவை 5 கோடியே 80 லட்சம் குறுஞ்செய்திகள். பெருக்கிப் பாருங்கள், 13 கோடியே 92 லட்சம். 52 நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்துக் கொடுத்த பரிசு 1 கோடியே 4 லட்சம்.

ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் இது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சொல்லி, ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் சேர்த்து 1 கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பரிசுப் பணம் குறுஞ்செய்தி வருமானத்திலிருந்துதான் வந்தது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. சட்டப்படி அந்த நிறுவனங்கள் குற்றமற்றவை; அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த வழக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. குறுஞ்செய்திக்குக் கொடுத்த 2 ரூபாய் 40 காசு யார் யாருக்கு எவ்வளவு பிரிந்தது என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நீதிமன்றம் வரை போய் 11 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பங்கு மறைவாக இருக்கும் வரை நேர்மையான நிறுவனத்தையும் மோசடிக்காரனையும் வாடிக்கையாளரால் பிரித்தறிய முடியாது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. பில் வழியாகப் பணம் வாங்குவதே தவறா? பாட்டு, ஜோதிடம், கிரிக்கெட் ஸ்கோர், நன்கொடை எல்லாவற்றுக்கும் மக்கள் விரும்பித்தானே கொடுக்கிறார்கள்? தவறில்லை. விலையை முன்னால் சொல்ல வேண்டும், சம்மதம் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கா 1990-களின் தொடக்கத்தில் 900 என்று தொடங்கும் கட்டணச் சேவை எண்களுக்கு இதைத்தான் செய்தது: அழைப்பின் தொடக்கத்திலேயே விலையைச் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு வைத்துவிட்டால் கட்டணம் கூடாது. நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் மதிப்புக் கூட்டுச் சேவைகளுக்கு இரட்டைச் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் காலர் டியூனில் ஒரு பித்தானைத் தெரியாமல் அழுத்தினாலே மாதம் 30 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது முறை ஆம் என்று சொன்னால்தான் சேவை என்று விதி வந்ததும் எத்தனையோ பேர் காசு தப்பியது. 2012-இல், பரிசு விழுந்திருக்கிறது என்று ஆசை காட்டும் வெளிநாட்டு அழைப்புகள் பெருகியபோது, பிரீபெய்டு வாடிக்கையாளர் வெளிப்படையாகச் சம்மதம் தராவிட்டால் ஐஎஸ்டியை நிறுத்திவிடும்படி நிறுவனங்களுக்கு டிராய் உத்தரவிட்டது. இந்த மூன்று விதிகளின் பலமும் மக்களுக்கான அறிவுரையில் இல்லை. மூன்றும் பணம் போகும் வழியில் கைவைத்தவை.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 09 என்று தொடங்கும் கட்டணச் சேவை எண்களுக்கு வரும் வருமானத்தைத் தொலைபேசி நிறுவனம் உடனே கைமாற்றக் கூடாது, குறைந்தது 30 நாள் தன்னிடமே வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். புகார் வந்தால் பணம் இங்கேயே இருக்கும். இரவோடு இரவாகக் கடையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அந்த 30 நாள் பெரிய இடி. நம் ஊர்ச் சிறு நகை அடகுக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும், சந்தேகமான சரக்குக்கு உடனே பணத்தைக் கையில் கொடுக்கக் கூடாதென்று. அசாதாரணமான வெளிநாட்டு எண் வரிசைகளுக்கு இந்திய நிறுவனங்கள் செலுத்தும் தொகைக்கும் அத்தகைய காத்திருப்புக் காலம் வேண்டும் என்பது என் கோரிக்கை. ‘சர்வதேச ஒப்பந்தங்கள் இருக்கின்றன, நிறுவனங்கள் நடுவில் என்ன செய்ய முடியும்?’ என்பார்கள். முடியும் என்பதை 2024 அக்டோபரில் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண்ணாக வேடம் போடும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பைத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் தடுக்கப்பட்டவை 1 கோடியே 35 லட்சம். அதற்கு முந்தைய நாள் வரை அந்த அழைப்புகள் ஒவ்வொன்றையும் எடுத்த மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விதி வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐஎஸ்டி தேவையில்லாத இணைப்பில் அதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்களே என்ற தயக்கம் இந்த ஊரில் பலருக்கு இருக்கும். ஐஎஸ்டியை நிறுத்தினால் நாம் அழைப்பதுதான் நிற்கும். அவர்கள் நம்மை அழைப்பது நிற்காது. பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறோம் என்பதும் உண்மை. கேட்காத சேவைக்குப் பணம் போனால் 155223 என்ற இலவச எண்ணில் நிறுத்தலாம். தொல்லை அழைப்புக்கு 1909. சந்தேகமான அழைப்பைத் தெரிவிக்கத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி. வங்கிப் பணமே போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930. ‘கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை டயல் செய்யுங்கள்’ என்று யாராவது சொல்லி, அது நட்சத்திரக் குறியில் தொடங்கினால் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகளையெல்லாம் அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் தந்திரம் அது. ஏற்கெனவே செய்துவிட்டால் ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். 1800 எண்தான் இலவசம், 1860 இலவசம் அல்ல என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

பில்லில் தொகை ஏறிய பிறகு என்ன செய்வது என்பதே பலர் கைவிட்டுவிடும் இடம். முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தரும் புகார் எண்ணைக் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு. அதற்கும் மேலே போக முடியுமா என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, தொலைபேசி பில் தகராறை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2009-இல் சொல்லியிருந்தது. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்தத் தடையை நீக்கியது. இன்று மைசூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் யார் வேண்டுமானாலும் தொலைபேசி நிறுவனத்தின் மீது புகார் கொடுக்கலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணமே இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. அப்படிப் போகும்போது, ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்று எழுதாதீர்கள். ‘என் சம்மதம் எங்கே பதிவாகியிருக்கிறது, இந்தத் தொகையில் யாருக்கு எவ்வளவு போனது’ என்று கேட்டு எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டிய கணக்கு நிறுவனத்திடம்தான் இருக்கிறது.